ஆளை எதிரே வைத்து வரைவது: நம்ம ஊரில் யார் உட்காருவார்?

கேள்வி, 11 பிப்ரவரி 2024 (குடியாத்தத்திலிருந்து)

ரெண்டு வருஷமா போன்ல போட்டோ வச்சு வரையறேன். முகம் நல்லா வருது. முழு ஆளைப் போட்டா பொம்மைக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கு. நேர்ல ஆளைப் பார்த்து வரைஞ்சாத்தான் உடம்பு வரும்னு எல்லாரும் சொல்றாங்க. சென்னை காலேஜ்ல மாடல் வந்து உட்காருவாங்களாம். நம்ம பக்கம் யார் உட்காருவா? நெசமாவே அது அவ்வளவு அவசியமா, இல்ல ஓவியருங்க விடுற பீலாவா?

11 பிப்ரவரி, இரவு

பீலா இல்லை. ஆனால் காலேஜும் மாடலும் இருந்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் அது பீலா.

பள்ளியில் படிக்கும்போதே அரசு தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹயர் இரண்டும் எழுதிப் பாஸ் செய்தவன் நான். அதில் மாடல் டிராயிங் என்று ஒன்று உண்டு. மாடல் என்றால் மேசைமேல் வைத்த கூம்பு, உருளை, ஒரு பானை. மனுஷன் கிடையாது. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. அதே வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவை வரையப் போனேன். தாத்தாவுக்குத் தொடையே இல்லை. இடுப்பிலிருந்து நேராக முழங்கால் முளைத்திருந்தது. வாங்கிப் பார்த்தவர், "தொடைய எங்கடா அடகு வச்ச?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு டிராயிங் மாஸ்டரிடம் சேர்த்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். ஆறு மாதம் காலண்டர் முருகனுக்குக் கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். மயில் அமோகமாக வந்தது. நேரில் ஆளைப் பார்த்து வரையலாமா என்று கேட்டதற்கு, "முதல்ல இத ஒழுங்கா போடு" என்றார். அந்த "முதல்ல" கடைசிவரை முடியவேயில்லை.

போட்டோவில் என்ன குறை என்றால், உருண்டையாக இருந்ததை யாரோ ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிட்டார்கள். நீ அந்த ஓரக்கோட்டைத்தான் நகல் எடுக்கிறாய். தோள் எங்கே பின்னால் போகிறது, வயிறு எங்கே முன்னால் வருகிறது என்று நீ தீர்மானிக்க வேண்டிய வேலையே அங்கே இல்லை. தீர்மானம் எல்லாம் கேமராவுடையது.

12 பிப்ரவரி

யார் உட்காருவார் என்பதற்குப் பதில் சொல்லாமலே தூங்கிவிட்டேன். பெரியம்மா உட்காருவார். உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருப்பார், குடியாத்தம் ஆயிற்றே.

பெரியம்மா பீடி சுற்றுகிறவர். சுவரில் முதுகு, கால் இரண்டும் நீட்டி, மடியில் முறம். முறத்தில் ஒரு பக்கம் அளவாக வெட்டிய இலை, இன்னொரு பக்கம் தூள். இலையை எடுத்து, தூள் வைத்து, சுருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றுவார். விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தோளும் கழுத்தும் முதுகும் மணிக்கணக்காக அதே இடம். கூலிக்கு வரும் மாடல்கூட இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து காலை உதறிக்கொள்வார். பெரியம்மா ஆயிரம் முடிக்காமல் எழ மாட்டார்.

என் முதல் ஐம்பது படமும் பெரியம்மாதான், ஒரே மாதிரி உட்கார்ந்தபடி. முதல் பத்தில் முகத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "இன்னாடா இது, எங்க மாமியார போட்டு வச்சிக்கினு இருக்க?" இருபதாவது படம் வாக்கில்தான் முதுகு கண்ணில் பட்டது. நான் அதுவரை அதைக் கோடு மாதிரி நேராகப் போட்டுக்கொண்டிருந்தேன். அது அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. தலை தோளுக்கு மேலே இல்லை, தோளுக்கு முன்னால் இருந்தது. மோவாய்க்கு நேர் கீழே முறத்தின் விளிம்பு. இத்தனை நாள் வீட்டில் பார்த்த உருவம்!

முகத்தில் ஆரம்பிக்காதே. முகத்தில் ஆரம்பித்தால் முகத்தோடு நின்றுபோகும். முதுகில் ஆரம்பி.

17 பிப்ரவரி

என்ன பென்சில், என்ன தாள் என்று கேட்டிருக்கிறாய். பால்பாயிண்ட் பேனா. அழிக்க முடியாது என்பதே அதன் பெருமை. கோடு தப்பினால் பக்கத்திலேயே இன்னொரு கோடு, தப்பும் தெரியட்டும். தாளுக்கு அச்சகத்தில் வெட்டி மிஞ்சுவதை எடைக்குக் கேட்டுப் பார். நல்ல தாளில் வரைந்தால் நல்ல படம் போட வேண்டும் என்ற பயம் வந்துவிடும். எனக்கு ஒருவர் விலையுயர்ந்த ஸ்கெட்ச் புத்தகம் பரிசு கொடுத்தார். நாலு வருஷமாகக் காலியாகவே இருக்கிறது.

25 பிப்ரவரி

பெரியம்மா மாதிரி அசையாதவர் கிடைத்துவிட்டால் அதுவே பழகிவிடும், ஜாக்கிரதை. அசைகிற ஆளையும் பிடிக்க வேண்டும். முப்பது வினாடி, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டு வரைவது உலகம் முழுக்க இருக்கிற பயிற்சி. வேலூரில் அதற்குச் சரியான இடம் டீக்கடை.

டீ மாஸ்டர் ஆற்றுவதைப் பார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை தொடைக்குக் கீழே. மேலே போகிற கையோடு தோள் மட்டுமா போகிறது? கழுத்தடியில் குறுக்கே ஓடுகிற காறையெலும்பும் சாய்ந்து மேலே ஏறுகிறது, அந்தப் பக்க விலா விரிகிறது, மறுபக்கம் இடுப்பு மேலே சதை மடிகிறது. ஒரு பக்கம் இழுபட, ஒரு பக்கம் மடிய, முப்பது வினாடிக்கு அந்த இரண்டு கோடு போதும். கை விரலெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காதே.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வேலை செய்கிறவர் அதே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார். அதனால் ஒரே பக்கத்தில் நாலு படம் ஆரம்பித்து வை: கை மேலே இருப்பது ஒன்று, கீழே இறங்கியது ஒன்று, பால் ஊற்றக் குனிவது ஒன்று, காசு வாங்கத் திரும்புவது ஒன்று. அவர் எந்த நிலைக்கு வருகிறாரோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேர். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நாலும் பாதியாவது தேறும். நான் மூன்று டீ குடித்துவிடுவேன், அது வேறு பிரச்சினை.

2 மார்ச்

அளவு. பென்சிலைப் பிடித்த கையை முழுக்க நீட்டு. முழங்கை மடங்கக் கூடாது, மடங்கினால் அளவுகோல் சுருங்கி நீளும். ஒரு கண்ணை மூடு. பென்சில் நுனி உச்சந்தலையில், கட்டைவிரல் நகம் மோவாயில். இதுதான் ஒரு தலை. அதை அப்படியே கீழே இறக்கி எத்தனை தலை என்று எண்ணு. சாதாரணமாக வளர்ந்த ஆள் ஏழு, ஏழரைத் தலை இருப்பார். வீரன், கடவுள் என்று கம்பீரமாக வரைபவர்கள் எட்டுத் தலை வைப்பார்கள்.

நம் சிற்பிகளிடமும் இதே கணக்கு உண்டு, தாளம் என்பார்கள். அவர்கள் நவதாளம் என்று ஒன்பது வைப்பார்கள், பெரிய தெய்வங்களுக்குத் தசதாளம். ஆகவே நம் சிலைகள் எல்லாம் உயரமான ஆட்கள்.

நிற்கிற உடம்பின் பாதி எது என்று வீட்டில் யாரையாவது கேள். தொப்புள் என்பார்கள். அல்ல, கால் பிரிகிற இடம். முகத்தில் கண் எங்கே என்று கேட்டாலும் மேலே காட்டுவார்கள். கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது. நெற்றிக்கு மேலே ஒரு கூரை இருப்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

3 மார்ச்

நேற்று எழுதியதில் ஒன்று தப்பு. காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது.

தாளம் என்பது தலை அல்ல, முகம். மோவாயிலிருந்து நெற்றி மயிர்க்கால் வரை. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அதே நீளம்தான், கையை முகத்தில் வைத்துப் பார்த்துக்கொள். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், நவதாளத்துக்கு 108. தசதாளத்தில் உயர்ந்த வகையான உத்தம தசதாளம் 124, பத்துத் தாளத்தின் 120ஐவிடக் கொஞ்சம் கூட. (இந்த அங்குலம் ஸ்கேல் அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை மாறும்.)

இப்போது கணக்குப் போடு. மோவாயிலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மயிர்க்கால், மூன்றும் சமம் என்பது பாடம். அதற்கு மேலே உச்சிவரை ஏறக்குறைய அரைப் பங்கு. ஆக முகம் மூன்று பங்கு, தலை மூன்றரை. ஏழரைத் தலை உயரமுள்ள ஆளை முகத்தால் அளந்தால் எட்டே முக்கால் வரும், ஒன்பதுக்குக் கிட்டத்தட்ட. அதாவது நவதாளச் சிலை உயரமான ஆளே இல்லை. நம்ம டீ மாஸ்டர்தான். "நம் சிலைகள் எல்லாம் உயரமான ஆட்கள்" என்று நேற்று அடித்துவிட்டதை வாபஸ் வாங்குகிறேன்.

19 மார்ச்

தாளம் என்று எழுதியதும் இரண்டு பேர், "அப்போ சிலையைப் பார்த்தே வரையலாமே, அது அசையாதே" என்று கேட்டிருக்கிறார்கள். வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று இருக்கிறது: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்தபிறகு மூன்றாவது செல்லாது. மாடல் இல்லாத ஊர் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நானும் ஒரு வருஷம் அந்தக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் தவம் கிடந்தேன். தூணுக்குத் தூண் பாய்கிற யாளி, குதிரை, அதன்மேல் வீரன். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நிழல் கற்றுக்கொள்ள அதைவிட இடம் இல்லை.

ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பெரியம்மாவை வரைந்தேன். பெரியம்மா கருங்கல் ஆகிவிட்டார். தோள் வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இறங்கியது. முழங்கையில் எலும்பு இல்லை. சிற்பி எலும்பை வேண்டுமென்றே கரைத்துவிட்டிருக்கிறார், அது அவர் அழகு. நான் அவர் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ளாமல் எதை விட்டார் என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். காலண்டர் முருகனிலிருந்து தப்பி வந்து கல் முருகனிடம் மாட்டிக்கொண்ட கதை.

சிலையைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் சிலை, ஆறு நாள் ஆள்.

7 ஏப்ரல்

பாரம். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பொம்மைக்குச் சட்டை மாட்டின மாதிரி என்று நீ சொன்ன குறைக்கு மருந்து இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களைப் பார். யாரும் இரண்டு காலிலும் சமமாக நிற்பதில்லை. ஒரு கால் தாங்கும், ஒரு கால் சும்மா இருக்கும். தாங்குகிற பக்கம் இடுப்பெலும்பு மேலே ஏறும். தோள் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதாக நினைத்துக்கொள். கயிறு தாங்குகிற காலின் உள் கணுக்கால் கிட்டே விழும். உன் படத்தில் விழவில்லையென்றால் உன் ஆள் கீழே விழப் போகிறார்.

ஏதாவது சுமந்தால் கணக்கு மாறும். இடுப்பில் குடம் வைத்தவர் குடத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வார். இடுப்பு வெளியே தள்ளும், குடம் உட்கார அதுதான் பலகை. மறுகை தன்னால் விலகி நிற்கும். அந்தக் கையை ஒட்டவைத்து வரைந்துபார், குடத்தில் தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிடும்.

எதிலாவது சாய்ந்தால் இன்னொரு கணக்கு. பல்லவர் குடைவரைகளில் கதாயுதத்தின்மேல் சாய்ந்து நிற்கும் துவாரபாலகர்களை நிதானமாகப் பார். தூக்குக்குண்டுக் கயிறு காலில் விழாமல் காலுக்கும் கதைக்கும் நடுவே விழும். கதையை அழித்துவிட்டால் ஆள் சரிந்துவிடுவார். சிலையிடம் கற்றுக்கொள்ள வேண்டியது தோளின் வழவழப்பு இல்லை, இது. நான் கோட்டைத் தூண்களில் உட்கார்ந்திருந்த ஒரு வருஷமும் இதைப் பார்க்கவில்லை என்பது இப்போது நினைத்தால் எரிகிறது.

8 ஏப்ரல்

பிசியோதெரபி படிக்கும் ஒரு பெண் எழுதியிருக்கிறார்: "அண்ணா, இடுப்பு இடுப்புன்னு எழுதறீங்க. எந்த இடுப்பு?" நியாயமான கேள்வி. தமிழில் புடவை செருகுகிற இடமும் இடுப்பு, தொடையெலும்பு சேர்கிற மூட்டும் இடுப்பு. உடம்பு மடங்குவது மூட்டில். அது பெல்ட் கட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது.

எழுந்து நின்று தொடையின் வெளிப்பக்கம், மேலே உள்ளங்கையை வைத்து அந்தக் காலை முன்னும் பின்னும் ஆட்டு. ஒரு எலும்பு முண்டு கையில் உருளும். மூட்டு அந்த மட்டத்தில்தான். நான் தாத்தாவின் தொடையை அடகு வைத்தது ஏன் என்று முப்பது வருஷம் கழித்து இன்று புரிகிறது. பெல்ட் இடத்தில் மடக்கி, அங்கிருந்து காலைத் தொடங்கியிருந்தேன்.

நாற்று நடுகிற பெண்களை வரப்பிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் சந்தேகமே வராது. கால் நேர், முதுகு கிட்டத்தட்ட மேசைப் பலகை, மடிப்பு முழுக்க அந்த மூட்டில். வயிற்றில் மடிவது கொஞ்சம்தான்.

21 ஏப்ரல்

ஒருவர் கேட்டிருக்கிறார்: துணியில்லாத மாடல் இல்லாமல் உடற்கூறு எப்படி வரும்? கேள்வி சரி. நான் உத்தமன் வேஷம் போடவில்லை, வாய்ப்புக் கிடைத்தால் வரைவேன். கிடைக்கவில்லை. இருப்பது கண்ணாடியும் என் உடம்பும். பீரோ கண்ணாடி முன்னால் அரை டிராயரோடு நின்று வரைந்திருக்கிறேன். மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாத்திக்கொண்டு போனார். பம்பு செட்டில் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டு வரையலாம்.

அப்புறம் துணி என்பது மறைப்பதற்கு மட்டும் இல்லை. லுங்கி கட்டி ஒரு காலை மடக்கித் திண்ணையில் உட்கார்ந்தவரைப் பார். மடிப்புகள் இரண்டே இடத்திலிருந்து கிளம்பும்: முழங்கால் முட்டு, இடுப்பு முடிச்சு. இரண்டுக்கும் நடுவே துணி தொட்டில் மாதிரி தொங்கும். துணி எங்கே ஒட்டுகிறது, எங்கே தொங்குகிறது என்று மட்டும் வரைந்தால் உள்ளே இருக்கிற கால் தானாக வந்துவிடும்.

இதே நோட்டில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊரில் காத்திருப்பவர்கள் நிறைய. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நாள்கணக்கில் காத்திருப்பார்கள். ஒரு காலத்தில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாக்களும் காட்பாடி பிளாட்பாரமும்தான் என் பள்ளிக்கூடம். தூங்குகிறவர் அசைய மாட்டாரே என்ற புத்தி. ஒரு நாள் சுவரோரம் படுத்திருந்த பெரியவரை வரைந்துகொண்டிருந்தேன். கூட இருந்த பையன் வந்து நின்றான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். இந்தியில் மெதுவாகக் கேட்டான், அப்பா முகத்தைக் கொஞ்சம் நன்றாகப் போட்டுத் தர முடியுமா என்று. நான் முகமே போட்டிருக்கவில்லை. கழுத்தும் விலாவும்தான் போட்டிருந்தேன், எலும்பு நன்றாகத் தெரிகிறதே என்று. அந்தத் தாளை அவனிடம் காட்ட முடியவில்லை. புதிதாக ஒரு முகம் போட்டுக் கொடுத்தேன், சுமாராகத்தான் வந்தது. அதற்கப்புறம் நோயாளிகளை வரைவதில்லை. பிளாட்பாரத்தில் வரைகிறேன், விழித்திருப்பவர்களை மட்டும், ஒரு தலையசைப்பு வாங்கிக்கொண்டு. தலையசைப்பு வாங்கினதும் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைச் சரி செய்துகொள்வார்கள். ஐந்து நிமிஷம் பொறு, பழைய கூனல் திரும்பிவிடும்.

5 மே

அக்னி நட்சத்திரம். உள்ளங்கை தாளோடு ஒட்டிக்கொள்கிறது, பால்பாயிண்ட் மை வழுக்குகிறது. கைக்குக் கீழே ஒரு கைக்குட்டை. வேறு உபதேசம் இல்லை.

19 மே

செய்யாறு பக்கம் சொந்தக்காரர் ஊரில் பாரதக் கூத்து முடிந்து படுகளம் (போர்க்களச் சடங்கு). ராத்திரி கூத்திலேயே நோட்டைத் திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கட்டை (மர அணிகள்) கட்டிய வேஷக்காரர் கிறிக்கி (வேகச் சுழல்) சுற்றும்போது பாவாடை விரிந்து உடம்பே தெரியாது. தெரிவது பாதமும் சலங்கையும். பாதத்தை மட்டும் இருபது வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் பாதத்தை வைத்தே எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று சொல்ல முடிந்தது.

ஆனால் எழுத வந்தது மறுநாள் காலையில் பார்த்ததை. படுகளத்துத் துரியோதனன் தெரியுமில்லையா, மண்ணைக் குவித்து மல்லாக்கப் படுத்திருக்கிற மாதிரி செய்வார்கள், பீமன் வந்து தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். செய்கிறவர் அடிவைத்து அளந்துகொண்டிருந்தார். தலைக்கு இத்தனை அடி, மார்புக்கு இத்தனை, தொடைக்கு இத்தனை. கையில் கயிறோ கோலோ இல்லை. நான் கால்மாட்டில் நின்று பார்த்தேன். இரண்டு பாதமும் கதவு மாதிரி எழும்பி நின்றன. அதற்குப் பின்னால் முழங்கால் இரண்டு மேடு, வயிறு ஒரு மேடு, அதற்கும் பின்னால் மோவாய் ஒரு எலுமிச்சம்பழம். தலை கிட்டத்தட்ட இல்லை. அப்படியே வரைந்தேன். பக்கத்திலிருந்த பையன், "இன்னாண்ணா, தலைய காணோம்?" என்றான். தண்ணீர்த் தொட்டி மேலே ஏறிப் பார்த்தால் அளவெல்லாம் சரியாக இருக்கிறது.

நீட்டிக்கொண்டிருக்கிற கால், நம்மை நோக்கி நீட்டிய கை, இவற்றை வரையும்போது நமக்குத் தெரிந்த நீளம் குறுக்கே வந்து நிற்கும். தொடை நீளம் என்று தெரியும், அதனால் நீளமாகப் போட்டுவிடுவோம். எதிரே தெரிவது மூன்று விரல்கடை மட்டுமே. மேட்டுக்குப் பின்னால் மேடு, அதை மறைக்கிற மேடு என்று அடுக்கிக்கொண்டே போ. பெரியம்மாவை இப்போது கால்மாட்டிலிருந்து வரைகிறேன். "பாதத்த பெருசா போட்டு மூஞ்ச சின்னதா போடறியே, நான் இன்னா வாத்தா?" என்கிறார்.

20 மே

அந்தத் துரியோதனனைப் போனிலும் எடுத்தேன், கால்மாட்டுக்கு வெகு கிட்டே நின்று. பாதம் இன்னும் பூதாகாரம். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பிப்ரவரியில் போட்டோவைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று பட்டது. தப்பு கேமராவுடையது மட்டும் இல்லை, தூரத்துடையது. கிட்டே நின்றால் கண்ணுக்கும் அப்படித்தான். போனில் ஆளைப் பெரிதாக எடுக்கக் கிட்டே போகிறோம், அதுதான் கெடுக்கிறது. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று எடுத்தால் அவ்வளவு மோசமில்லை. வரையும்போதும் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தள்ளி உட்கார். அறை சின்னது என்றால் வாசற்படிக்கு வெளியே போய் உட்கார். நான் அப்படித்தான், பெரியம்மா உள்ளே, நான் தெருவில்.

நேரில் நூறு படம் போட்டவனுக்குப் போட்டோ உதவும். எது தட்டையாகிவிட்டது என்று அவனுக்குத் தெரியும்.

2 ஜூன்

கை வரவில்லை என்று நாலு பேர். எனக்கும் வராது. ஒன்றே ஒன்று கவனித்தேன், அதுவும் பெரியம்மாவிடம். நூல் சுற்றும்போது விரலைப் பார்ப்பதை விட்டு, முழங்கைக்குக் கீழே முன்கையைப் பார்த்தேன். தோலுக்கு அடியில் ஏதோ எலிக்குஞ்சு ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, விரலுக்கு வருவது நாண் மட்டும். பொம்மலாட்டக் கயிறு மாதிரி. 1940களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த டாக்டர் பால் பிராண்ட் இந்த ஊரில்தான் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்தார். வேலூரில் இருந்துகொண்டு கை வரவில்லை என்றால் ஊருக்கே அவமானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே கையை மணிக்கட்டில் தொடங்காதே. முழங்கையில் தொடங்கு. உள்ளங்கையை ஒரு பலகையாகப் போடு, நாலு விரலையும் ஒரே கையுறையாகப் போடு, கட்டைவிரலை மட்டும் தனியாக. விரல்களைக் கடைசியில் பிரித்துக்கொள்ளலாம். பாதி நேரம் எனக்குப் பிரிக்கத் தேவையே வரவில்லை.

16 ஜூன்

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அம்மா பீடி சுற்றுகிற படம். முதுகு இருக்கிறது. தலை முன்னால் வந்திருக்கிறது. முறம் மடியில் உட்கார்ந்திருக்கிறது, மிதக்கவில்லை. முகம் போடாமல் விட்டது நல்லது. இடது தோள் மேலே போயிருப்பது தப்பு என்று எழுதியிருந்தாய். தப்பு இல்லை என்று நினைக்கிறேன். இலையைத் தூக்கிப் பிடிக்கிற கை அது. இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்.

பாதம் இரண்டும் தாளுக்கு வெளியே போய்விட்டது. எல்லோருக்கும் போகும், எனக்கு ஐம்பதில் முப்பது அப்படிப் போயிருக்கிறது. அடுத்த தடவை பேனாவைத் தாளில் வைக்கும் முன் குதிகால் எங்கே வரும் என்று ஒரு புள்ளி, உச்சந்தலை எங்கே என்று ஒரு புள்ளி. அந்த இரண்டுக்குள் அம்மா அடங்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு குடியாத்தத்தில் ஒரு கல்யாணம், வருகிறேன். சாப்பாடு முடிந்து ஒரு மூன்று மணிக்கு மேல் ஓய்வு. வாசற்படிக்கு வெளியே நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து வை, அம்மாவிடமும் கேட்டு வை. தாள் ஒரு கட்டு நான் கொண்டு வருகிறேன்.